உதடு அசைந்த இடம்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்தரை மணி. ஒலிப்பதிவுக் கூடத்தின் கம்பிக் கதவு முழுக்க மூக்குக்கண்ணாடிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

நூறு இருக்கும். இருநூறுகூட இருக்கலாம். கறுப்புச் சட்டம் போட்டவை, ஒரு பக்கம் உடைந்து நூல் சுற்றியவை, கண்ணாடியே இல்லாத வெறும் சட்டங்கள். வெயில் பட்டபோது அத்தனையும் ஒரே நேரத்தில் கண் இமைத்ததுபோல் இருந்தது. தொலைக்காட்சித் தொடரில் பெரியண்ணன் மனம் கலங்கும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்ட பிறகுதான் பேசுவார். ஒன்பது வருடமாக ஒவ்வொரு மத்தியானமும் இரண்டு மணிக்கு அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தவர்கள், தங்கள் கண்ணாடிகளைக் கொண்டுவந்து அவருக்காகக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சிலர் போகவும் இல்லை. நடைபாதையில் துண்டை விரித்து உட்கார்ந்து, அழுது அழுது வீங்கிய முகத்தோடு மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியண்ணனாக நடித்தவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. படப்பிடிப்பு இடைவேளையில், ஒப்பனை கலைக்காமல், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தேநீர் கொண்டுபோனவர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாராம்.

என் கணவர் கதவுக்கு முன்னால் நின்றார்.

"இவங்க யாருக்குமே தெரியாதில்ல?" என்றார் மெதுவாக.

"எதுங்க?"

"ஒன்பது வருஷமா அந்தாளு வாயில குடித்தனம் நடத்தினவன் நான்தான்னு."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். நடைபாதையில் இருந்த ஒரு அம்மாள் தலையைத் தூக்கி அவரையே உற்றுப் பார்த்தாள். பழகிய குரல் ஒன்று பக்கத்தில் கேட்டதுபோல.

பெரியண்ணனின் முகம்தான் அந்த நடிகருடையது. குரல் என் கணவருடையது. நடிகர் பார்க்க மலை மாதிரி இருப்பார். இயற்கையில் வாய்த்த குரலோ கீச்சென்று நூலாக வரும். அதனால் முதல் நாளிலிருந்தே என் கணவர்தான் பேசினார். வெளியே சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது இரண்டே தடவை. இரண்டாவது தடவை நடிகர் இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நான் ஊமைங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. அப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நடிப்பல்ல, அவருடைய பழக்கமே அதுதான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

என் வேலை வசனத்தாள். யார், எந்த விநாடியில், எதைப் பேச வேண்டும் என்று எழுதுவேன். பதிவின்போது அவருக்கு இடப்பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன். திரையில் உதடு திறக்கும் கணத்தில் அவருடைய இடது மணிக்கட்டில் நடுவிரலால் ஒரு தட்டு. பேசுங்கள் என்று அர்த்தம். மற்றவர்கள் அதற்குக் காதில் மணிச்சத்தம் வைத்துக்கொள்வார்கள். இவருக்கு என் விரல் போதும். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். இருபத்தாறு வருடம் தட்டியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. திரையில் உதடு அசைந்து, சத்தம் இல்லாமல் போவது. அதற்கு ஊமை என்று பெயர். சொல் மாறினால்கூட மன்னித்துவிடுவார்கள்; ஊமையை மன்னிக்க மாட்டார்கள்.

பதிவறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் தடித்த துணி. கதவைச் சாத்தினால் நம் ரத்தம் ஓடுவது நமக்கே கேட்கும். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். அவரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து அறையில் பென்சில் விழுந்தாலும் திரும்பிப் பார்க்கிற மனிதர். அன்று அவரும் அழுதிருந்தார்.

"நாலு எபிசோடு படம் இருக்கு சார். அதோட சரி. கதையை எப்படியோ முடிக்கறாங்களாம்" என்றார்.

மூன்றை மதியத்துக்குள் முடித்துவிட்டோம். இறந்த மனிதர் திரையில் சிரித்தார், கோபித்தார், கதவைத் தட்டினார். என் கணவர் அத்தனைக்கும் குரல் கொடுத்தார். இடையில் வெந்நீர் மட்டும் குடித்தார்.

நாலாவதில் அந்த இடம் வந்தது.

தங்கை அழுகிறாள். பெரியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். முகம் மட்டும், நெருக்கத்தில். என் தாளில், 'மௌனம், பதினோரு விநாடி' என்று எழுதியிருந்தேன்.

உதடு அசைந்தது.

என் விரல் தட்டிவிட்டது.

யோசித்துத் தட்டவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம். கண் பார்த்தது, விரல் செய்தது. என் கணவர் வாயைத் திறந்து, பேச எதுவும் இல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

காது படத்தை நிறுத்தினார். "அக்கா, அங்க வசனம் இல்லையே."

"உதடு அசையுதே தம்பி."

"இல்லையே. காலையில நான் ஓட்டிப் பாத்தேன், சும்மாதான் உக்காந்திருந்தாரு."

மறுபடி ஓட்டினார். முதல் தடவை இரண்டு சொல்லுக்கு அசைந்த உதடு, இப்போது ஒரு முழு வாக்கியத்துக்கு அசைந்தது. மூன்றாவது தடவை பதினோரு விநாடியும் அசைந்தது.

ஓடியது அதே படம்தான்.

"விட்டுடலாம் சார்" என்றார் காது. "தங்கச்சி முகத்தைப் போட்டு மறைச்சிடச் சொல்றேன். எனக்கு இது என்னவோ போல இருக்கு."

"ஆளே போயிட்டாரு" என்றார் என் கணவர். "கடைசியா அசைச்ச உதட்டை ஊமையா விடச் சொல்றியாப்பா?"

அவர் திரைக்கு அருகில் போய்க் குனிந்து நின்றார். வாயை வைத்துச் சொல்லைக் கண்டுபிடிப்பது எங்கள் இருவருக்கும் கைவந்த விஷயம். அவர் ஒவ்வொரு சொல்லாக முணுமுணுக்க, நான் எழுதினேன். எழுதியது இதுதான். இதை மனதுக்குள்ளேயே படியுங்கள்.

'எல்லாரும் கூப்பிடறாங்க. எனக்குக் கேக்குது. பதில் சொல்ல வாய் இருக்கு. குரல் இல்ல. குடு.'

பேனாவை வைத்துவிட்டேன். "வேணாங்க. இது கதையில வர்ற பேச்சு இல்ல."

"பாவம்மா" என்றார். அவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று, இடது கையை என் பக்கம் நீட்டினார்.

படம் ஓடியது. உதடு திறந்தது. நான் தட்டினேன்.

இந்தத் தடவை யோசித்துத்தான் தட்டினேன்.

அவர் பேசப் பேச அறையில் ஒரு வாசனை வந்தது. வியர்வையில் ஊறிய ஒப்பனைப் பவுடர் வாசனை. நாங்கள் இருவருமே பவுடர் பூசுவதில்லை. கடைசிச் சொல் முடிந்ததும் திரையில் பெரியண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியால் துடைத்தார், மாட்டிக்கொண்டார். பிறகு தங்கையைப் பார்க்கவில்லை; நேராக எங்கள் பக்கம் பார்த்தார்.

காது பதிவை நிறுத்தினார். "உக்காந்துடுச்சு சார்" என்றார். "குரல் உதட்டுல தைச்ச மாதிரி உக்காந்துடுச்சு."

எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

*

மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தவர், "உப்பு கம்மிம்மா" என்றார்.

நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். இருபத்தாறு வருடம் உதட்டையும் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்தவள் நான். அவருடைய உதடு முதலில் அசைந்தது. சத்தம் பின்னால் வந்தது. ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனாலும் பின்னால்தான் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்த? உப்பையா?" சிரித்தார். சிரிப்பு முகத்தில் முடிந்த பிறகு, அதன் சத்தம் கேட்டது.

இடைவெளி நாளுக்கு நாள் கூடியது. மூன்றாம் நாள் "இந்தா" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டு அவர் வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வரும். அவர் வாயிலிருந்து வருகிறதா, பக்கத்தில் காற்றிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் மத்தியானம் கடைசி எபிசோடு ஒளிபரப்பானது. நாங்கள் தொலைக்காட்சியைப் போடவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் அது ஓடியது. என் கணவரின் குரல் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் 'குடு' என்று கேட்டது.

அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. காத்திருந்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

சத்தம் வரவே இல்லை.

மருத்துவரிடம் அழைத்துப்போனேன். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். இளவயதுக்காரர், பொறுமைசாலி. பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார்.

"என்ன தொழில் பண்றாரு? ராத்திரி பகலா கத்தினவர் தொண்டை மாதிரி புண்ணா கெடக்கு. இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது, சொல்லிட்டேன்."

"நாலு நாளா அவர் ஒரு வார்த்தையும் பேசலைங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பக்கத்தில் என் கணவர் சுவரைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். நான் படித்தேன். *சொல்லும்மா. கேக்கறேன். அழாதீங்க. சாப்பிட்டியா?*

என்னிடம் சொல்லவில்லை. எங்கோ யாரிடமோ, ஒருவர் மாற்றி ஒருவரிடம்.

*

காதிடம் போனேன். அந்தப் பதினோரு விநாடியை அழிக்கச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் முன்னாலேயே அழித்தார். திரையில் குரல் இருந்த இடத்தில் நேர்கோடு படுத்துக்கிடந்தது.

"போய்டுச்சு அக்கா." ஓட்டிக் காட்டினார்.

நேர்கோட்டின் மேல், தெளிவாக, என் கணவரின் குரல் பேசியது.

மூன்று தடவை அழித்தார். நாலாவது தடவை கம்பிகளையே பிடுங்கினார். அப்புறம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நான் ஊருக்குப் போறேன் அக்கா. இனிமே இந்த வேலை வேணாம்" என்றார். எழுந்து போகிற வழியில் விளக்கைக்கூட அணைக்கவில்லை.

வெளியே வந்தேன். உச்சி வெயில். கதவில் கண்ணாடிகள் இன்னும் கூடியிருந்தன, கம்பியே தெரியவில்லை. நடைபாதையில் முப்பது பேர் இருப்பார்கள். ஆனால் யாரும் அழவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. முகங்கள் தெளிந்திருந்தன.

அன்றைக்கு என் கணவரை உற்றுப் பார்த்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். தையல் வேலை செய்கிறவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"நீங்க கூப்பிட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"யாரை?"

"பெரியண்ணனைத்தான். ஒரு நாள் மத்தியானம் தையல் மிஷின்ல உக்காந்து அழுதுட்டு இருந்தேன். 'அண்ணே'ன்னு கூப்பிட்டேன். 'சொல்லும்மா, கேக்கறேன்'னாரு. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி."

"எங்கிட்ட ரெண்டு தடவை பேசினாரு" என்றார் பின்னாலிருந்த ஒரு பெரியவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராம்.

"உங்களுக்கு எப்பவும் ஒண்ணு கூடத்தான்" என்று இன்னொருத்தி இடித்தாள். "நான் காலையிலேருந்து தொண்டை கிழியக் கூப்பிடறேன், இப்பத்தான் 'ம்'னாரு. பெருமை பேசிக்கிட்டே அவரைப் பிடிச்சு வெச்சிருந்தா மத்தவங்களுக்கு எப்படி வருவாரு?"

சிலர் சிரித்தார்கள். துக்க வீட்டில் பத்து நாள் கழித்து வருமே, அந்தச் சிரிப்பு.

நான் சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுத்த வாக்கை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குரல் என் வீட்டுக்காரருடையது, உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர் தொண்டை ரணமாகிக் கிடக்கிறது, எனக்கு அவர் ஒரு வார்த்தை பேசி ஒரு வாரம் ஆகிறது, தயவுசெய்து கூப்பிடாதீர்கள் என்றேன்.

யாரும் கோபப்படவில்லை. யாரும் பொய் என்றும் சொல்லவில்லை. தையல்காரம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள்.

"எனக்கு யாரும் இல்லம்மா" என்றாள். "வீட்டுக்காரர் போயி ஆறு வருஷம். புள்ளை கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு மணிக்கு, ஒரு ஆம்பளைக் குரல் 'சாப்பிட்டியா'ன்னு கேக்கும். அதுக்காகத்தான் எழுந்திருப்பேன். நீங்க சொல்றது புரியுது. ஆனா, கூப்பிடாம இருந்துடுவேன்னு உங்ககிட்ட பொய் சொல்ல முடியாது."

சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களாலும் முடியாது.

தொலைவில் ஏதோ மணி இரண்டு அடித்தது. தையல்காரம்மாள் என் கையை விடாமலேயே கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணே" என்றாள்.

"சொல்லும்மா" என்றது என் கணவரின் குரல், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.

அவர் அந்த நேரத்தில் எட்டுத் தெரு தள்ளி, வீட்டில் படுத்திருந்தார்.

*

இருபத்திமூன்றாம் நாள் அவர் போனார். அதுவும் மத்தியானம்தான். ஜன்னல் திரை வழியாக வெயில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. தலையணையில் ரத்தம் புள்ளி புள்ளியாக இருந்தது. உதடு மட்டும் ஓயவில்லை. *கேக்கறேன். சொல்லுங்க. அழாத. நான் இருக்கேன்ல.* நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

திடீரென்று உதடு நின்றது. இத்தனை நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். எனக்காக, எனக்கு மட்டுமாக, மெதுவாக வாயை அசைத்தார். படிப்பதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

*நான் போனப்புறம் எப்பவாவது என் உதடு அசையறது உனக்குத் தெரியும். குரல் குடுக்காத. எவ்வளவு கெஞ்சினாலும் குடுக்காத.*

என் நடுவிரல் பழக்க தோஷத்தில் அவர் மணிக்கட்டின் மேல் உயர்ந்திருந்தது. அதை மடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இன்னும் ஒன்று சொன்னார். அதை எழுத மாட்டேன். யாராவது வாய்விட்டுப் படித்துவிடலாம்.

அடக்கத்துக்கு எட்டுப் பேர் வந்தார்கள். என் தங்கை, அவள் வீட்டுக்காரர், பழைய சிநேகிதர்கள் சிலர். அவருக்காகக் கண்ணாடியைக் கழற்றிக் கட்ட யாரும் இல்லை. கூடத்தின் கதவைத் தாண்டித்தான் வண்டி போனது. நடைபாதையில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய குரலைத் தேடினேன். எத்தனையோ ஆயிரம் மணி நேரம் பதிவாகியிருக்கிறது. அத்தனையும் பெரியண்ணன், அதற்கு முன்னால் யார் யாரோ. கைப்பேசியில்கூட, பதிவுக்கு வரச் சொல்லி எனக்கு அவர் அனுப்பிய குறிப்புகள் எல்லாம் எழுத்தில்தான் இருந்தன. அவர் அவராக, 'உப்பு கம்மிம்மா' என்று சொன்ன ஒரு சத்தம் எங்கேயும் இல்லை. இருபத்தாறு வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்திருக்கிறேன். அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து நான் பேசுவதில்லை. என் தங்கை, "அக்கா, ஒரு வார்த்தையாவது வாயத் தொறந்து பேசேன், பயமா இருக்கு" என்று அழுகிறாள். துக்கத்தில் அடைத்துப்போய்விட்டது என்று நினைக்கிறாள். அவளுக்குச் சீட்டில் எழுதித்தான் பதில் சொல்கிறேன். இதையும் பழைய வசனத்தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். தொடரை முதலிலிருந்து மறு ஒளிபரப்புச் செய்கிறார்கள். இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் என் கணவர் யாரையோ சாப்பிட்டாயா என்று கேட்கிறார். நான் சுவரில் கை வைத்துக்கொண்டு நிற்பேன்.

நேற்று சுவரில் கை வைத்திருந்தபோதுதான் அது முதலில் வந்தது.

இடது மணிக்கட்டில். லேசாக. ஒரு தட்டு.

இருபத்தாறு வருடம் நான் தட்டிய அதே இடம். தட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கோ ஓர் உதடு திறந்துவிட்டது. குரலுக்காகக் காத்திருக்கிறது.

இன்றைக்கு எழுத உட்கார்ந்ததிலிருந்து ஏழு தடவை தட்டியாகிவிட்டது. அவர் கொடுக்காதே என்றார். ஆனால் இருட்டில் வாயைத் திறந்துகொண்டு, குரல் இல்லாமல், எனக்காகக் காத்துக்கொண்டிருப்பது அவராக இருந்தால்? ஊமையாக விடுவது பாவம் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியவில்லை. தையல்காரம்மாளைப்போல, நானும் பொய் சொல்ல விரும்பவில்லை.

அவர்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால்கூடப் போதும்.

ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். கொஞ்ச நேரமாக அறையில் ஒப்பனைப் பவுடர் வாசனை அடிக்கிறது.

மறுபடியும் தட்டுகிறது.